லைனுக்குத் தமிழில் என்ன பெயர்

ஒன்பதாவது வரைக்கும்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அத்தனை வருஷத்தில் இங்கிலீஷில் அடி முதல் நுனி வரை கற்றுக்கொண்டது ஒரே ஒரு வார்த்தை. நான் போகிற ஊரிலெல்லாம் அது எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்த அன்று, மூன்றாவது லைனில் போய் உட்காரச் சொன்னார்கள். அங்கிருந்து ஓசூர் போனபோது தங்கியது லைன் வீட்டில். பத்துக் குடும்பத்துக்கு ஒரே நீளச் சுவர், கடைசியில் இரண்டு கக்கூஸ். அங்கேயும் எனக்குக் கால் தரிக்கவில்லை. ஆந்திராவில் மிளகாய் பறித்தேன், கோலாரில் தக்காளி மண்டியில் பெட்டி அடுக்கினேன். இப்போது ஒரு பழைய மினி வேனில் பிளாஸ்டிக் குடமும் பக்கெட்டும் ஏற்றிக்கொண்டு ஒரு நாள் அரூர், ஒரு நாள் சித்தேரி, ஒரு நாள் வத்தல்மலை என்று கிழமை வைத்துப் போகிறேன். இதற்கும் லைன் என்றுதான் பெயர். யாராவது போனில் கூப்பிட்டால், ‘லைன்ல இருக்கேன்’ என்கிறேன். அவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டாலும் சரியாகத்தான் இருக்கும்.

இந்த வார்த்தையை எனக்குக் கொடுத்தவர் ஐந்தாம் வகுப்பு சார்.

எங்கள் ஊர் தொப்பூர் மேட்டின் தலையில் இருக்கிறது. அப்போது ரோடு நாலு வழி ஆகவில்லை. ஏறுகிற வண்டிக்கு ஒரு பக்கம், இறங்குகிற வண்டிக்கு ஒரு பக்கம், நடுவில் பாதி அழிந்துபோன வெள்ளைக் கோடு. லோடு ஏற்றிய லாரி மேட்டில் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும். ஆள் நடக்கிற வேகம்தான். எங்கள் ஊருக்கு அது ஒரு வசதி. ஏனென்றால் ஊரில் பாதி வீட்டு ஆண்கள் லைன் வண்டி டிரைவர்கள். வெளி மாநிலம் போகிற லாரியை எங்கள் பக்கம் லைன் வண்டி என்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான். கேரளாவில் அன்னாசிப் பழம் ஏற்றினால் டெல்லியில்தான் இறக்குவார். மாதத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பார். அந்த இரண்டு நாளும் தூங்குவார். அவர் எழுந்து உட்காரும்போது நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன், நான் வரும்போது அவர் கிளம்பியிருப்பார்.

லோடு ஏற்றிய வண்டியைச் சொந்த ஊரில் நிறுத்தக் கூடாது என்பது லைன்காரர்களின் கட்டுப்பாடு. ஓனர்களும் அதையே சொன்னார்கள், எங்கள் வீட்டுப் பெண்களும் அதையே நம்பினார்கள். லோடு இறக்காமல் வீட்டு வாசலை மிதித்தால் வண்டிக்கு ஆகாது. அதனால் எல்லாக் கொடுக்கல் வாங்கலும் ஓடுகிற வண்டியிலேயே நடக்கும். ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு ஹாரன் கணக்கு உண்டு. என் அப்பாவுடையது இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். கீழ் வளைவில் அது கேட்டால், மேட்டின் தலைக்கு வண்டி வந்து சேரப் பத்து நிமிஷம் இருக்கிறது என்று அர்த்தம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு கையில் துவைத்த துணிப் பையும் மறு கையில் டிபன் கேரியருமாக ரோட்டுக்கு ஓடுவாள். லாரியோடு சேர்ந்து நடப்பாள். கிளீனர் அண்ணன் இடது பக்கக் கதவில் தொங்கிக்கொண்டு பையை வாங்கி, அழுக்குத் துணி மூட்டையைக் கீழே போடுவார். அந்த நாற்பது ஐம்பது அடி தூரத்துக்குள் அப்பாவும் அம்மாவும் ஒரு மாதத்துப் பேச்சைப் பேசி முடித்துவிடுவார்கள். நான் பின்னால் ஓடுவேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டியரிங் மேல் ஒரு கை, காக்கிச் சட்டைக் காலர், கண்ணாடியில் பாதி மீசை.

சார் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்தவர். இங்கிலீஷ் என்றால் நாங்கள் பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டுக்கொள்வதைப் பார்த்துவிட்டு, அவருக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் வீட்டில் பேசுவதில் பாதி இங்கிலீஷ்தான், அதில் ஆளுக்கு ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு அதற்குத் தமிழில் எத்தனை வார்த்தை தேறுகிறது என்று விசாரித்து வரவேண்டும், ஆண்டு விழாவில் மைக்கில் சொல்லவேண்டும் என்றார். நந்தினிக்கு ‘செட்’ கிடைத்தது. தண்ணீர் டேங்க் ஆபரேட்டர் மகனுக்கு ‘கேஸ்’. எனக்கு ‘லைன்’.

நந்தினியின் அப்பா பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்தார். விடியற்காலை முதல் பொழுது சாயும் வரை கடைக்குள்ளேயே நிற்பார். அப்பா என்றால் இப்படிக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்கவேண்டும் என்பது நந்தினியின் கட்சி. ஆண்டு விழாவுக்கு யார் வீட்டில் யார் வருவார்கள் என்று பேச்சு வந்தபோது, என் அப்பா வருவார் என்று சொல்லிவைத்தேன்.

“உங்கப்பாவா? மேட்டுல ஹாரன் அடிச்சிட்டுப் போவாரே, அவரா?” என்றாள் நந்தினி. “அது அப்பாவாடி, வெறும் சத்தம்.”

வகுப்பே சிரித்தது. வந்தே தீருவார் என்றேன். வரவில்லை என்றால் நான் இனிமேல் அப்பா என்று பேச்சே எடுக்கக் கூடாது என்று அவள் சொல்ல, நானும் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டேன். பத்து வயதில் சத்தியம் என்பது பெரிய விஷயம்.

ஆனால் வார்த்தை சேர்க்கிற வேலை ஜோராக நடந்தது. சாரிடம் இருந்த தடித்த அகராதி, கோடு, வரி, வரிசை என்று மூன்றைக் கொடுத்தது. மற்றதை நான் ஊரில் திரட்டினேன். கரண்ட் கம்பத்தின் உச்சியில் இருந்த லைன்மேனைக் கீழே நின்று கேட்டேன். ‘கம்பி’ என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, முதலில் அந்த இடத்தை விட்டு நகரச் சொன்னார். குழாயடியில் கேட்டதற்கு, பைப் லைனுக்குத் தமிழ் தெரியாது, தண்ணீர் வராத குழாய் என்று எழுதிக்கொள் என்றார்கள். அத்தை ஓசூரிலிருந்து வந்திருந்தாள். அவள் இருந்தது லைன் வீடு. அதற்கு என்ன பேர் என்று கேட்டபோது, ‘ஒட்டு வீடு’ என்றாள். கொஞ்சம் யோசித்து, ‘பக்கத்து வூட்டுக் குழம்பு வாசனை’ என்றும் போட்டுக்கொள்ளச் சொன்னாள். சார் இரண்டாவதை அடித்துவிட்டார்.

கடலைக்கு உழுதுகொண்டிருந்த பக்கத்துக் காட்டுக்காரர் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். அவர் மாட்டை நிறுத்திவிட்டு, தங்கள் வீட்டில் இதைச் ‘சாலு’ என்பார்கள் என்றார். பிறகு குனிந்து பார்த்து, காலுக்குக் கீழே ஏர் கிழித்திருந்த கோட்டைக் காட்டி, நீங்களும் இதைச் சால் என்றுதானே சொல்கிறீர்கள் என்றார். இந்த ஒன்றுக்காகச் சார் என்னை வகுப்பில் எழுப்பி நிற்கவைத்து, எல்லாரையும் கைதட்டச் சொன்னார். நந்தினி விரல் நுனியால் தட்டினாள்.

தகராறு வந்தது சித்தப்பாவிடம்தான். அவர் அப்போது மைக் செட் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். தையல் கிளாஸ் விடுகிற நேரத்துக்குத் தலையை வாரிக்கொண்டு சைக்கிளில் அந்தப் பக்கம் தவறாமல் போவார். அவருடைய கூட்டாளிகள் அதற்கு லைன் போடுவது என்று பெயர் வைத்திருந்தார்கள். ராத்திரி எல்லாரும் சாப்பிடும்போது, லைன் போடுவதற்குத் தமிழில் என்ன சித்தப்பா என்று கேட்டேன். அவருக்குப் புரையேறிவிட்டது. மறுநாள் எனக்கு ஒரு கிரீம் பன் வாங்கிக் கொடுத்து, ‘பார்வை’ என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அம்மா அந்த நோட்டைப் பார்த்தாள். “பார்வையாம் பார்வை. வெட்டி வேலைன்னு எழுது” என்றாள்.

அப்பா போகிற லைனுக்கு மட்டும் யாரிடமும் வார்த்தை கிடைக்கவில்லை. அம்மாவைக் கேட்டால், ‘லைன்னா லைன்தான், போய்ப் படு’ என்றாள். விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் டீக்கடைப் போனுக்கு அப்பா கூப்பிட்டார். நந்தினியின் அப்பா ரோட்டைத் தாண்டி வந்து குரல் கொடுக்க, அம்மா வேலைக்குப் போயிருந்ததால் நான் ஓடினேன். நந்தினி, பன் வைக்கிற கண்ணாடிப் பெட்டியில் சாய்ந்துகொண்டு நான் பேசுவதையே கவனித்தாள்.

“நாளைக்குச் சாயங்காலம் மேடு ஏறுவேன் பாப்பா. அம்மாவ துணி எடுத்து வெக்கச் சொல்லு.”

“நாளைக்குத்தாம்பா ஆண்டு விழா. நான் மைக்ல பேசறேன். வண்டிய நிறுத்திட்டு வாப்பா.”

“லோடு வண்டி சாமி. ஊர்ல நிறுத்தக் கூடாது. ஹாரன் பெருசா அடிக்கிறேன், கேட்டுக்கோ.”

அழுகை வந்துவிடும் போலிருந்தது. நந்தினி பார்க்கிறாள் என்பதற்காக, நோட்டில் மீதி இருந்த கேள்வியைக் கேட்டேன். நீ போறியே, அந்த லைனுக்குத் தமிழில் என்னப்பா?

அந்தப் பக்கம் லாரிகள் போகிற சத்தம் கேட்டது. “வூட்ட வுட்டு இருக்கறது” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அதோடு போன் அறுந்துவிட்டது.

“வர்றாராமா?” என்றாள் நந்தினி.

“வர்றாரு.”

“லாரி வருமா, அப்பா வருவாரா?”

அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தழை ஞாபகம் வந்தது.

மேட்டில் வண்டி பழுதாகி நின்றாலோ, கவிழ்ந்து கிடந்தாலோ, பின்னால் வருகிறவனுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகக் கிளீனர் ஓடிப்போய்ப் பக்கத்து மரத்தில் தழையை ஒடித்து ரோட்டில் போடுவான். மேலே ஒரு கல். வளைவில் பச்சைத் தழையைப் பார்த்தால் எப்பேர்ப்பட்ட வண்டியும் நின்றாகவேண்டும். தழையை மீறிப் போனவர்களைப் பற்றி அப்பா நிறையக் கதை சொல்லியிருக்கிறார். எல்லாக் கதையும் ஒரே மாதிரி பள்ளத்தில் முடியும். அதோடு இன்னொரு வழக்கமும் உண்டு. தழையைப் போட்டவன்தான் எடுக்கவேண்டும். அடுத்தவன் போட்ட தழையில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த புங்க மரத்தில் நாலு கிளை ஒடித்து, மேட்டுத் தலையில் இருக்கிற வளைவுக்குப் பக்கத்தில் புதரில் மறைத்துவைத்தேன். இன்றைக்கு அந்த இடத்தை வேனில் கடக்கும்போது கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது. அன்றைக்குக் கிளை ஒடித்தபோது பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன்.

விழா சாயங்காலம் நாலு மணிக்குத் தொடங்கியது. பள்ளிக்கூடம் ரோட்டுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்தது. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேடை, முன்னால் ஜமுக்காளம். மைக் செட் சித்தப்பாவின் பொறுப்பு. லைன்காரர் வீட்டுப் பெண்கள் எல்லாரும் துணிப் பையையும் டிபன் கேரியரையும் மடிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாருடைய ஹாரன் எப்போது கேட்கும் என்று சொல்ல முடியாதல்லவா. அம்மா எனக்கு ரெட்டைச் சடை போட்டு, இரண்டிலும் சிவப்பு ரிப்பன் கட்டி, கனகாம்பரம் வைத்துவிட்டிருந்தாள்.

வந்திருந்த தலைவர் ஒருவர் கல்வியின் அவசியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கேட்டது: இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம். அம்மா எழுந்தாள். கூட வந்த பக்கத்து வீட்டு அக்கா, ஒத்தாசைக்கு என்று எழுந்தாள். அவர்களைப் பார்த்துத் தங்கள் ஹாரன்தான் போலிருக்கிறது என்று இன்னும் ஆறேழு பேர் பையோடு எழுந்தார்கள். தலைவர் தன் பேச்சில் என்ன குற்றம் என்று தெரியாமல் தலைமை ஆசிரியரைப் பார்த்தார். நான் அவர்களுக்கு முன்பே பின்பக்கச் சுவர் தாண்டி ஓடிக்கொண்டிருந்தேன்.

தழையை ரோட்டில் போட்டேன். எதிர்ப்பக்கம் இறங்கிப் போன ஒரு லாரியின் காற்றில் நாலு கிளையும் நாலு பக்கம் பறந்தன. மறுபடி பொறுக்கி, என் இடது சடை ரிப்பனை உருவி, அடிக்காம்பில் சேர்த்து இறுக்கிக் கட்டி, தூக்க முடிந்த பெரிய கல்லாக ஒன்றை மேலே வைத்தேன். அப்பாவின் லாரி மூக்கு கீழே தெரிந்ததும் வந்த வழியே ஓடி, மேடைக்குப் பின்னால் வந்து நின்றேன். மூச்சு வாங்கியது. நடனம் நடந்துகொண்டிருந்தது.

நடனம் முடியும்போது அம்மா திரும்பி வந்தாள். கையில் பை அப்படியே இருந்தது. முன்னால் ஏதோ ஆகிவிட்டது, அப்பா வண்டி மேட்டுத் தலையில் நின்றுவிட்டது, பின்னால் வண்டிகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வது கேட்டது. கீழே இருந்த வளைவு வரை லாரி நின்றது. அதற்குக் கீழே எவ்வளவு தூரம் என்று எங்களுக்குத் தெரியாது. முன்னால் டேங்கர் கவிழ்ந்துவிட்டதாகக் கீழே ஒரு பேச்சு ஓடியதாம். இன்னும் கீழே போகப் போக அது இரண்டு டேங்கர் ஆகியிருந்தது.

சும்மா நிற்கிற டிரைவர் என்ன செய்வார்? மைக் சத்தம் கேட்கிற பக்கம் வந்தார்கள். கைலியும் பனியனுமாக, தோளில் துண்டோடு, ஒருவர் பின் ஒருவராக விளையாட்டு மைதானத்துக்குள் வந்து ஓரமாக நின்றார்கள். தலைப்பாகை கட்டிய சர்தார் ஒருவரும் அவர்களோடு வந்தார். அவரைப் பார்க்க எல்லாப் பிள்ளைகளும் திரும்பிய நேரத்தில்தான் அப்பா வந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, நாற்காலி போட்டும் உட்காராமல், முன் வரிசையில் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். மீசை முழுசாக இருந்தது. மேடையில் ஏறி நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். என் தலையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். கனகாம்பரம் எடுப்பாக இருக்கிறது போலும் என்று நினைத்து, தலையை நன்றாகத் திருப்பிக் காட்டினேன்.

சார் என்னைப் பேசச் சொன்னார். கோடு, வரி, வரிசை என்று தொடங்கினேன். கம்பி சொன்னேன். குழாய் சொன்னேன், தண்ணீர் வராத குழாய் என்று சேர்த்துச் சொன்னேன். ஒட்டு வீடு. சால். லைன் போடுவது என்று வந்தபோது மைக் செட்டுக்குப் பக்கத்தில் சித்தப்பா கை கூப்பிக் கும்பிட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். வெட்டி வேலை என்று மைக்கில் சொன்னேன். ஊரே சிரித்தது. தையல் கிளாஸ் அக்காக்கள் இருந்த பக்கம் மட்டும் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்து, பிறகு நிற்கவே இல்லை. சித்தப்பா ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குனிந்தவர் நிமிரவில்லை.

ஓரத்தில் நின்ற டிரைவர்களில் ஒருவர் தெலுங்குக்காரர், தமிழும் தெரிந்தவர். அவர் கையைத் தூக்கி, எங்கள் ஊரில் இதைக் ‘கீத’ என்போம் என்றார். சார் உற்சாகமாகி, கரும்பலகையை மேடைக்கு இழுத்துவரச் சொல்லி அதை எழுதினார். உடனே ஒரு மலையாளக் கிளீனர், ‘வர’ என்றார். பக்கத்துக் காட்டுக்காரர் எழுந்து, சாலு தன்னுடையது என்பதை ஞாபகப்படுத்தினார். தெலுங்குக்காரர் இந்தியில் விளக்கிச் சொல்ல, சர்தார் தாடியைத் தடவி யோசித்து, ‘லகீர்’ என்றார். அப்புறம் லாரிகள் நின்ற பக்கம் கையை நீட்டி, ‘கத்தார்’ என்றார். பலகை நிறைந்துவிட்டது. சரி, நீங்கள் செய்கிற வேலைக்கு உங்கள் பாஷையில் என்ன பெயர் என்று சார் கேட்டார். தெலுங்குக்காரர் லைன் என்றார். மலையாளத்துக்காரரும் லைன் என்றார். சர்தாருக்கு மொழிபெயர்த்துக் கேட்க, அவரும், ‘லைன் ஜி, லைன்’ என்றார். சார் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“எனக்குத் தெரியும் சார்” என்றேன். “வூட்ட வுட்டு இருக்கறது.”

ஓரத்தில் நின்றவர்களில் ஒருவர் விசில் அடித்தார். கைதட்டல் எழுந்தது. தெலுங்குக்காரர் மறுபடி இந்தியில் சொன்னார். எல்லாரும் தட்டி ஓய்ந்த பிறகு, சர்தார் தனியாகத் தட்டத் தொடங்கி, ரொம்ப நேரம் தட்டினார். அப்பா தட்டவில்லை. இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒண்ணாம் வகுப்புப் பையன் ஒருவன் அவருடைய காக்கிச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

நான் மேடையை விட்டு இறங்கியபோது நந்தினி எதிரில் நின்றாள். அப்பாவை முன்னாலிருந்து ஒரு தடவை பார்த்தாள், சுற்றிப் போய்ப் பின்னாலிருந்து ஒரு தடவை பார்த்தாள். அந்த நேரம் கிளீனர் அண்ணன் ஓர் அன்னாசிப் பழத்தோடு வந்தார். லோடு பழத்தில் கை வைக்காத என் அப்பா அன்று அதைச் செய்தார். பழத்தை என் இரண்டு கையிலும் வைத்தார். முள் குத்தியது.

“கொஞ்ச நேரம் நான் வெச்சிக்கட்டுமாடி?” என்றாள் நந்தினி. கொடுத்தேன். அந்தச் சத்தியத்தைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் அதற்குப் பிறகு பேசியதே இல்லை.

போலீஸ் ஜீப் சத்தம் கேட்டதும் டிரைவர்கள் கலைந்தார்கள். இத்தனை வண்டியும் எதற்காக நிற்கிறது, தழை போட்டது யார் என்று ரோட்டில் விசாரணை நடந்தது. நான் அம்மாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அப்பா முன்னால் போய், “நான்தாங்க போட்டேன். பிரேக்குல கோளாறு. இப்ப சரியாயிடுச்சு” என்றார். குனிந்து தழையை எடுத்து ஓரமாகப் போட்டார். கல்லையும் உருட்டிவிட்டார். போலீஸார் வண்டி நம்பரை எழுதிக்கொண்டார்கள். நான் தப்பித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே குஷி. அப்பாவே தழை போட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், பெரியவர்களுக்கு எவ்வளவு மறதி என்றுகூடத் தோன்றியது. அம்மா டிபன் கேரியரையும் துணிப் பையையும் அப்பா கையில் கொடுத்தாள். நடக்காமல், ஓடாமல், நின்ற இடத்திலேயே நின்று கொடுத்தாள். அதைக் கொடுத்து முடிக்க அவளுக்கு வழக்கத்தை விட அதிக நேரம் ஆயிற்று.

அதற்கடுத்த மாதம் அப்பா டெல்லியிலிருந்து வந்தவர், மறுபடி லைனுக்குப் போகவில்லை. ஓனர் அவரை லோக்கல் வண்டிக்கு மாற்றிவிட்டார். சொந்த ஊரில் பொய் சொல்லி வண்டியை நிறுத்துகிறவன் லைனுக்கு லாயக்கில்லை என்று சொன்னாராம். தினமும் செங்கல் ஏற்றிக்கொண்டு தர்மபுரி சுற்றுவட்டாரத்தில் ஓட்டினார். பொழுது சாய்ந்தால் வீட்டில் இருந்தார். எங்கள் வீட்டில் அடுப்பு ஒரு வேளை குறைந்தது. அம்மா கல் குவாரிக்குப் போகத் தொடங்கினாள். பிறகு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஆனால் அப்போது எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. என் பேச்சைக் கேட்டதால்தான் அப்பா லைனை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிட்டார் என்று நந்தினியிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவளும் நம்பினாள்.

போன வருஷம் வேனில் லைன் முடித்துத் திரும்பும்போது, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு ரோட்டோர ஓட்டலில் அந்தக் கிளீனர் அண்ணனைப் பார்த்தேன். அவர் இப்போது சொந்தமாகவே லாரி ஓட்டுகிறார், தலை நரைத்துவிட்டது. நான் இன்னார் மகள் என்று சொன்னதும், என்ன சாப்பிடுகிறாய் என்றுகூடக் கேட்காமல் சிரிக்க ஆரம்பித்தார். அன்று மேட்டில் முதலில் இறங்கிப் போய்த் தழையைப் பார்த்தது அவரும் அப்பாவும்தானாம். வளைவுக்கு அந்தப் பக்கம் ரோடு சுத்தமாகக் கிடந்ததாம்.

“காம்புல ஒரு சிவப்பு ரிப்பன், பூ மாதிரி முடிச்சு. அண்ணன் பாத்துட்டு அப்படியே குந்திட்டாரு. ‘எடுத்துடட்டுமாண்ணா’ன்னு கேட்டேன். ரிப்பன மட்டும் அவுத்துப் பாக்கெட்டுல வெச்சிக்கிட்டாரு. ‘இருக்கட்டும்டா, பாப்பா பேசி முடிக்கட்டும்’னாரு. பின்னாடி வந்தவங்ககிட்ட முன்னாடி வண்டி நிக்குதுன்னு சொல்லச் சொன்னதும் அவருதான்” என்றார்.

அப்பா இதைப் பற்றி என்னிடம் எந்தக் காலத்திலும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

விழா நடந்த அன்று ராத்திரி, புது ரிப்பனில் ஒன்றைத் தொலைத்ததற்காக அம்மாவிடம் முதுகில் இரண்டு வாங்கினேன். லோக்கல் வண்டிக்கு வந்த புதிதில் ஒரு நாள் காலையில் அப்பா என்னைச் செங்கல் லாரியில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட அழைத்துப் போனார். முதல் தடவையாக அவர் பக்கத்தில், முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். டீக்கடை வந்ததும் நந்தினி பார்ப்பதற்காகவே இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம் அடிக்கச் சொன்னேன், அடித்தார். முன் கண்ணாடியில் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு ரிப்பன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. என்னுடையதைப் போலவே இருந்தது. தொலைத்த ரிப்பனுக்குப் பதில் எனக்கு ஒன்று வாங்கித் தராமல், லாரிக்கு வாங்கிக் கட்டியிருக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பள்ளிக்கூடம் வரும் வரை அவரோடு பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டு போனேன்.